எட்டும் எனிமிதியும்: மனம் ஒரே நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்று எப்படி அளக்கிறார்கள்?

போன மாதம் என்னிடம் டியூஷனுக்கு வரும் நாலாம் வகுப்புப் பையன் பள்ளி டைரியை நீட்டினான். கணக்கு வகுப்பில் கவனம் இல்லை என்று தெலுங்கில் ஒரே வரி. கீழே பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு கோடு. அவன் அம்மாவுக்குத் தெலுங்கு சரளமாகப் பேச வரும், படிக்க வராது. பையனே படித்துச் சொல்லியிருக்கிறான். ஆனாலும் பெரியவர்கள் யாராவது ஒருமுறை படித்துச் சொல்லட்டும் என்று என்னிடம் அனுப்பிவிட்டார்.

எங்கள் ஊர் நகரி. ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் என்றாலும் ரயில் ஏறினால் திருத்தணி பக்கம்தான். 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. அதனால் இங்கே பல வீடுகளில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, தறிக்கூடத்தில் இரண்டும் கலந்து ஓடும்.

பையனை உட்காரவைத்து, "இருபத்தெட்டும் பதினெட்டும் எவ்வளவுடா?" என்றேன். இரண்டு விநாடி. "நாப்பத்தாறு மிஸ்." சரி. கொஞ்சம் பொறுத்து அதே மாதிரி இன்னொன்று, இந்தத் தடவை தெலுங்கில்: "இரவை தொம்மிதி, பத்தெனிமிதி, மொத்தம் எந்த?" அதாவது இருபத்தொன்பதும் பதினெட்டும் எவ்வளவு என்று. உதடு அசைந்தது. கண் மேலே போனது. அப்புறம் கேட்டான், "மொதல்ல என்ன நம்பர் சொன்னீங்க மிஸ்?"

அவனுக்குக் கூட்டத் தெரியும். தெலுங்கும் தெரியும், தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவன் சண்டை போடுவதே தெலுங்கில்தான். இரண்டாவது எண்ணை வாங்குவதற்குள் முதல் எண் நழுவிவிட்டது, அவ்வளவுதான். இந்த நழுவலைத்தான் உளவியலாளர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் உளவியல் படித்தவள். டைரியில் இருந்த அந்த ஒரு வரி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ஒரு பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று எழுதுவதற்கு முன்னால், கவனத்தையும் நினைவையும் எப்படிப் பிடித்து அளக்கிறார்கள் என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

குக்கரை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே விசிலை எண்ணுகிறோம். வாசலில் யாரோ கூப்பிட, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினால், கடைசியாக வந்தது மூன்றாவது விசிலா நாலாவதா என்று தெரிவதில்லை. விசில் காதில் விழுந்ததுதான். ஆனால் எண்ணிக்கையைப் பிடித்துவைத்திருந்த இடத்தைப் பேச்சு எடுத்துக்கொண்டது. இப்படி ஒரு வேலை முடியும்வரை அதற்கு வேண்டியதை மனம் கைவசம் வைத்துக்கொண்டு, அதைக் கொண்டே வேலையும் செய்வதற்குத்தான் செயல் நினைவு என்று பெயர். ஒர்க்கிங் மெமரி என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று புரியும். சின்ன வயதில் மனப்பாடம் செய்த குறளும் பாட்டி வீட்டுக்குப் போகும் வழியும் வேறு கணக்கு. அவை நீண்டகால நினைவு. செயல் நினைவில் இருப்பது, நாம் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்காவிட்டால் சில விநாடிகளில் போய்விடும். எதைப் புதுப்பிப்பது, எதை விடுவது என்று பார்த்துக்கொள்வது கவனம். அதனால்தான் இந்த இரண்டையும் ஆய்வாளர்கள் சேர்த்தே படிக்கிறார்கள்.

இதை முறையாக அளக்கத் தொடங்கியவர்களில் ஒருவர் லண்டனில் இருந்த ஜோசப் ஜேக்கப்ஸ். 1887-ல் அவர் செய்தது மிக எளிது. பள்ளிப் பிள்ளைகளிடம் எண்களை வரிசையாகச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொன்னார். எத்தனை எண் வரை தப்பில்லாமல் வருகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் அளவு. வயது ஏற ஏற அளவும் ஏறியது. இந்தச் சோதனை இன்றும் வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனைகளில் இருக்கிறது. அதில் தலைகீழாகவும் சொல்லச் சொல்வார்கள். 5, 2, 9 என்றால் 9, 2, 5 என்று வர வேண்டும். வைத்திருந்தால் மட்டும் போதாது, வைத்திருப்பதைப் புரட்டவும் வேண்டும் என்பதால் அது இன்னும் கடினம்.

பெரியவர்களுக்கு இந்த அளவு ஏழை ஒட்டி வரும். 1956-ல் ஜார்ஜ் மில்லர் எழுதிய கட்டுரையால் 'ஏழு, இரண்டு கூடவோ குறையவோ' என்ற எண் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஏழு என்ற எண்ணைவிட, எதை 'ஒன்று' என்று எண்ணுகிறோம் என்ற கேள்விதான். திருத்தணியிலிருந்து வரும்போது பொன்பாடிக்கு அப்புறம் ஒரு ரயில் நிலையம் வரும்: வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை. இந்தியாவிலேயே நீளமான பெயர் கொண்ட நிலையங்களில் ஒன்று. சென்னையிலிருந்து வரும் என் சித்தி மகள் ஒவ்வொரு தடவையும் பாதியில் தடுக்கி விழுவாள். அவளுக்கு அது பதிமூன்று ஒலித்துண்டுகள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அது வெங்கட, நரசிம்ம, ராஜு, வாரி, பேட்டை என்று ஐந்தே துண்டு. ராஜு என்பவருடைய பேட்டை என்று அர்த்தமும் தெரிவதால் இன்னும் குறைவு. ஏற்கெனவே தெரிந்ததைக் கொண்டு பலவற்றை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். அப்படிக் கட்டவும், மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லாதபடி சோதித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய நான்குதான் என்று 2001-ல் நெல்சன் கோவன் தொகுத்துக் காட்டினார்.

சரி, மனசுக்குள் நடப்பதை யாரும் திறந்து பார்க்க முடியாது. அப்புறம் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? இந்தத் துறையின் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வேலை கொடுப்பார்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே வேண்டுமென்று இன்னொரு வேலையைக் கொடுத்து இடைஞ்சல் செய்வார்கள். எந்த இடைஞ்சலில் எது உடைகிறது என்று பார்த்து, உள்ளே எது எதோடு இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். 1959-ல் லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் வெறும் மூன்று மெய்யெழுத்துகளைக் கொடுத்து, உடனே ஒரு எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே போகச் சொன்னார்கள். பதினெட்டு விநாடி கழித்துக் கேட்டால், மூன்று எழுத்துகளும் சரியாக வந்தது பத்தில் ஒரு தடவைதான். மூன்றே எழுத்து!

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். ஒவ்வொரு கணக்கும் சரியா தவறா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சொல்லை நினைவில் வையுங்கள். 6 + 3 = 9, குடம். 4 × 2 = 7, நூல். 10 − 6 = 4, வேம்பு. 9 + 5 = 13, சாவி. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்கிறேன்.

இடைஞ்சல் செய்து பார்த்ததில் கிடைத்த முதல் பெரிய துப்பு, தப்புகளிலிருந்து வந்தது. ஆர். கான்ராட் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தபால் துறைக்காக வேலை செய்துகொண்டிருந்தார்; தொலைபேசி எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் மக்கள் எப்படித் தவறவிடுகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. 1964-ல் அவர் ஆங்கில எழுத்துகளைக் கண்ணால் மட்டும் பார்க்கக் காட்டினார். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் மறந்தபோது, 'வி' இருந்த இடத்தில் 'பி' என்றுதான் எழுதினார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எழுத்தை விட்டுவிட்டு, கேட்க ஒரே மாதிரி இருக்கும் எழுத்தை எடுத்திருக்கிறார்கள். பார்த்ததை மனம் ஒலியாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

ஒலியாக வைத்துக்கொண்டால், நீளமான ஒலிக்கு அதிக இடம் வேண்டுமே? 1975-ல் ஆலன் பேட்லியும் அவருடன் இருந்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். சாட், கியூபா, மால்டா மாதிரிக் குட்டை நாட்டுப் பெயர்கள் நிறைய நினைவில் நின்றன. செக்கோஸ்லோவாக்கியா, நிகரகுவா, ஆப்கானிஸ்தான் மாதிரி நெட்டைப் பெயர்கள் குறைவாக நின்றன. ஒருவர் ஏறக்குறைய இரண்டு விநாடிக்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் நிற்கிறது என்று கணக்கு வந்தது. பார்க்கும்போதே வேறு எதையாவது திரும்பத் திரும்ப வாயால் சொல்லிக்கொண்டிருக்கச் செய்தால், குட்டைக்கும் நெட்டைக்கும் இருந்த வித்தியாசமே போய்விட்டது. ஏனென்றால் உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கும் வழி அடைபட்டுவிட்டது. நீளம் மட்டும்தான் காரணமா, ஒரு சொல்லைப் போல ஒலிக்கும் சொற்கள் மொழியில் எத்தனை இருக்கின்றன என்பதும் சேருமா என்ற வாதம் இன்றும் ஓடுகிறது.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது நான் முதலில் செய்தது, எண்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்ததுதான். தமிழில் பேச்சுவழக்கில் ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கி எட்டு வரை எல்லாமே இரண்டிரண்டு ஒலித்துண்டு. ஒம்பது மட்டும் மூன்று. (யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசையைச் சொல்லவில்லை, வாய் ஒருமுறை திறந்து மூடும் துண்டைச் சொல்கிறேன்.) மொத்தம் பத்தொன்பது. தெலுங்கில் ஒகடி மூன்று, நாலுகு மூன்று, எனிமிதி நான்கு, தொம்மிதி மூன்று, மற்றவை இரண்டிரண்டு. மொத்தம் இருபத்துமூன்று. ஆங்கிலத்தில் செவன் தவிர எல்லாம் ஒற்றைத் துண்டு, மொத்தமே பத்து. எல்லையின் இரண்டு பக்கமும் போன் நம்பரை ஏன் நைன், எய்ட், ஃபோர் என்று ஆங்கிலத்தில் சொல்கிறோம் என்பதற்குப் பழக்கம் ஒரு காரணம். வாய்க்குச் சுருக்கமாக இருப்பதும் இன்னொரு காரணமாக இருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

ஒலித்துண்டு அதிகம் என்பதால் தெலுங்கு ஒரு படி கீழே என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கில் வருவது சொல்ல ஆகும் நேரம். வேல்ஸ் நாட்டுக் கதை இதற்கு நல்ல பாடம். வெல்ஷ் மொழியில் சோதித்த பிள்ளைகள் எண் வரிசையில் மற்றவர்களைவிடக் குறைவாக எடுத்தார்கள். பார்ப்பவர்களுக்கு, அந்தப் பிள்ளைகளுக்கு நினைவு கம்மி என்றுதான் தோன்றும். 1980-ல் எல்லிஸும் ஹென்னெலியும் இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்துப் பார்த்தார்கள். அதே ஆள் வெல்ஷில் குறைவாகவும் ஆங்கிலத்தில் அதிகமாகவும் நினைவில் வைத்தார். வெல்ஷ் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கிறது. உள்ளுக்குள் சொல்லிப் பார்க்க விடாமல் வாயை வேறு வார்த்தையில் பூட்டியபோது வித்தியாசம் மறைந்தது. பிள்ளைகளின் மூளையில் எந்தக் குறையும் இல்லை. சோதனை நடந்த மொழியின் எண்கள் நீளம், அவ்வளவுதான். நாலாம் வகுப்புப் பையனின் டைரியைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இந்த ஆய்வுதான். அவன் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. அவன் எண்ணிக் கூட்டுவது தமிழில். எனிமிதியை வாங்கி எட்டாக மாற்றுவதும் ஒரு வேலை. அந்த வேலை நடக்கும் நேரத்தில், ஏற்கெனவே வாங்கிய எண்ணைப் புதுப்பிக்க ஆள் இல்லை.

இப்போது அந்த நான்கு சொற்களைச் சொல்லுங்கள் பார்ப்போம். குடத்தில் தொடங்குகிறது. கணக்கு இல்லாமல் நான்கு சொல்லை மட்டும் கொடுத்திருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்று புரியும். இந்த மாதிரிச் சோதனையை 1989-ல் டர்னரும் எங்கிளும் உருவாக்கினார்கள். கணக்குக்குப் பதில் வாக்கியங்களை வாசிக்கவைத்து, ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் நினைவில் வைக்கச் சொல்லும் சோதனையை அதற்கு முன்பே, 1980-ல், டேன்மனும் கார்ப்பென்டரும் செய்திருந்தார்கள். வெறும் எண் வரிசையைவிட இந்த இரட்டை வேலைச் சோதனைதான் ஒருவர் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. வாழ்க்கையில் நமக்குக் கிடைப்பதும் இரட்டை வேலைதானே.

இரட்டை வேலை கொடுத்தும் மனம் முழுசாகச் சரிந்துவிடுவதில்லை என்பதிலிருந்துதான் இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் படம் வந்தது. பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974-ல், எண்களை மனசில் வைத்திருக்கும்போதே தர்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவைத்தார்கள். ஆட்கள் தாமதமானார்கள், ஆனால் தப்பு பெரிதாக ஏறவில்லை. ஒரே ஒரு பெட்டியாக இருந்திருந்தால் இது நடக்காது. ஆகவே ஒலியைச் சுழற்றிக்கொண்டிருக்கும் ஒரு பகுதி, பார்த்ததையும் இடத்தையும் வைத்திருக்கும் ஒரு பகுதி, இரண்டையும் மேய்க்கும் கவனம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2000-ல் பேட்லி நான்காவதாக, இவற்றை நீண்டகால நினைவோடு கோத்து வைக்கும் ஒரு பகுதியைச் சேர்த்தார்.

எங்கள் தெருவில் இந்தக் கட்டுரையை எழுதும்போதும் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், இந்தச் சத்தத்தில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். அதற்கும் ஆய்வு பதில் சொல்கிறது. 1976-ல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள் எழுத்து வரிசையை நினைவில் வைக்கும்போது பின்னணியில் ஜெர்மன் மொழியில் யாரோ வாசிப்பதை ஓடவிட்டார்கள். கேட்டவர்களுக்கு ஜெர்மன் புரியாது, கேட்க வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் நினைவு அடிவாங்கியது. 1982-ல் சலாமேயும் பேட்லியும் அர்த்தமில்லாத பேச்சொலியும் அதே கெடுதலைச் செய்வதையும், வெறும் இரைச்சல் அதைச் செய்யாததையும் காட்டினார்கள். மாறிக்கொண்டே இருக்கும் ஒலிதான் வில்லன். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் ஒலி அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தறி நாள் முழுக்க ஒரே தாளத்தில் டக்கு டக்கு என்று அடிக்கிறது. பிள்ளையின் மனக்கணக்கைத் தின்பது அடுத்த அறையில் ஓடும் டிவி சீரியல் பேச்சு. அது எந்த மொழியாக இருந்தாலும் சரி. எங்கள் தெருவில் நிறைய வீடுகளில் இந்த விஷயம் தலைகீழாகத்தான் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. தறிக்குக் கதவை மூடிவிட்டு டிவியைத் திறந்துவைக்கிறார்கள்.

இனி கவனத்துக்கு வருவோம். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் பத்துப் பேர் பேசும்போது நாம் ஒருவரை மட்டும் கேட்கிறோமே, அது எப்படி? 1953-ல் காலின் செர்ரி ஒவ்வொரு காதிலும் ஒரு பேச்சைக் கொடுத்து, ஒரு காதில் வருவதை மட்டும் கூடவே திருப்பிச் சொல்லச் சொன்னார். கவனிக்காத காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூட ஆட்கள் உணரவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறினால் மட்டும் தெரிந்தது. ஆக, வேண்டாததை மனம் வாசலிலேயே தடுத்துவிடுகிறது என்று 1958-ல் டொனால்ட் பிராட்பென்ட் ஒரு வடிகட்டியைக் கற்பனை செய்தார். ஆனால் அடுத்த வருடமே நெவில் மோரே, கவனிக்காத காதில் அந்த ஆளின் பெயரையே சொல்லிப் பார்த்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிடித்துவிட்டார்கள். வாசலில் தடுத்திருந்தால் பெயர் எப்படி உள்ளே வந்தது? ஆன் டிரீஸ்மன் 1964-ல், இரண்டு மொழி அறிந்தவர்களுக்கு ஒரே விஷயத்தை ஒரு காதில் ஒரு மொழியிலும் மற்றக் காதில் இன்னொரு மொழியிலும் கொடுத்தார். பலர் இரண்டும் ஒன்றே என்று கண்டுகொண்டார்கள். வடிகட்டி முழுசாக அடைப்பதில்லை, சத்தத்தைக் குறைத்துத்தான் அனுப்புகிறது என்பது அவர் முடிவு. இரண்டு மொழியில் வாழ்கிற எங்கள் மாதிரி ஆட்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பந்தியில் முதுகுக்குப் பின்னால் தெலுங்கில் நம் வீட்டுப் பேச்சு எடுத்தால், தமிழில் பேசிக்கொண்டிருந்தாலும் காது திரும்பிவிடும்.

தன் பெயரைப் பிடித்த அந்த மூன்றில் ஒருவர் யார் என்பதுதான் கதையின் அடுத்த பாதி. 2001-ல் கான்வே, கோவன், பன்டிங் மூவரும் இதைச் செயல் நினைவோடு சேர்த்துப் பார்த்தார்கள். செயல் நினைவு அதிகம் உள்ளவர்களில் 20 சதவீதம் பேர்தான் தங்கள் பெயரைக் கவனித்தார்கள். குறைவாக உள்ளவர்களில் 65 சதவீதம். முதல் பார்வைக்குத் தலைகீழாகத் தோன்றும். செயல் நினைவு அதிகம் என்றால் வேண்டாததை வெளியே நிறுத்தும் பலமும் அதிகம் என்று பொருள். குறைவாக இருந்தால் எல்லாமே உள்ளே வரும். அதாவது 'கவனம் இல்லை' என்று நாம் சொல்லும் பிள்ளை, எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கலாம். எனக்கு இந்த ஆய்வு முழுத் துறையிலும் மிக முக்கியமானது.

ஆய்வகம் பிறப்பதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் இந்தச் சோதனையைக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். இலங்கைத் தமிழில் இன்றும் அப்படித்தான் புழங்குகிறது. புத்தூரில் ஒரு கோயில் விழாவில் தெலுங்கு அஷ்டாவதானம் பார்த்தேன். நடுவில் அவதானி, சுற்றிலும் எட்டுப் பிருச்சகர்கள், அதாவது கேள்வி கேட்பவர்கள். ஒருவர் நான்கு சொற்களைக் கொடுத்து அவற்றை வைத்துப் பாட்டுக் கட்டச் சொல்வார், அது தத்தபதி. ஒருவர் கடைசி அடியைக் கொடுத்து, மற்ற அடிகளைப் பொருத்தமாகப் பாடச் சொல்வார், அது சமஸ்யா. நிஷித்தாட்சரியில், அவதானி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அடுத்து இந்த எழுத்து வரக் கூடாது என்று தடுத்துக்கொண்டே போவார்கள். ஒரு சுற்றில் ஒவ்வொரு பாட்டிலும் ஓர் அடிதான். நான்கு சுற்றிலும் விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இதற்கிடையில் ஒருவர் அவ்வப்போது மணி அடிப்பார். கடைசியில் எத்தனை என்று சொல்ல வேண்டும். இன்னொருவரின் வேலையே குறுக்கே புகுந்து சம்பந்தமில்லாமல் பேசிக் கலைப்பது. அதற்கு அப்பிரஸ்துதப் பிரசங்கம் என்று பெயர். அன்று அவர், வெண்டைக்காய்க்கு எதற்கு வால் என்று கேட்டார். அவதானி சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொல்லிவிட்டு, நிறுத்திய எழுத்திலிருந்து தொடர்ந்தார். முடிவில் தாரணை: நான்கு சுற்றில் துண்டு துண்டாகச் சொன்ன எல்லாப் பாடல்களையும் முழுசாக ஒப்பித்தார். மணி எண்ணிக்கையும் சரி.

தமிழிலும் இது உண்டு. அப்போது திருவிதாங்கூரில் இருந்த இடலாக்குடியில் 1874-ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ல் சென்னையில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் சதாவதானம் செய்து காட்டினார். அந்தப் பட்டம்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இவர்களுக்கு மட்டும் செயல் நினைவு என்ற பாத்திரம் பெரிதாக வாய்த்துவிட்டதா? இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை நல்ல வெளிச்சம் தருகிறது. எரிக்ஸனும் சேஸும் ஒரு கல்லூரி மாணவரை 20 மாதம், 230 மணி நேரத்துக்கும் மேலாக எண் வரிசையில் பழக்கினார்கள். ஏழில் தொடங்கியவர் ஏறக்குறைய 80 எண் வரை போனார். அவர் ஓட்டப்பந்தய வீரர். நான்கு எண் சேர்ந்து வந்தால் அதை ஓர் ஓட்ட நேரமாக மாற்றிக் கட்டி வைத்துக்கொண்டார். எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுத்ததும், பழையபடி ஆறு எழுத்தோடு நின்றார். பாத்திரம் அதே அளவுதான் இருந்தது. எண்களைக் கட்டும் வித்தை மட்டும் வளர்ந்திருந்தது. அவதானிக்கு யாப்பும் எதுகையும் மோனையும் அந்தக் கட்டும் கயிறு என்று நினைக்கிறேன். அடுத்த அடியின் தொடக்கம் என்ன எழுத்தாக இருக்க முடியும் என்பதைச் சந்தமே பாதி சொல்லிவிடும்.

பாத்திரம் அதேதான் என்றாலும், அதில் வேறு ஏதாவது கிடந்தால் மிச்ச இடம் குறையும். இதற்குச் சான்று நம் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். கரும்புக்குப் பணம் ஒரே தடவையில்தான் வரும். அறுவடைக்கு முன்னால் கையில் காசு இருக்காது, பின்னால் இருக்கும். ஒரே விவசாயியை இரண்டு காலத்திலும் சோதித்தார்கள். ஒரு சோதனையில் '5 5 5 5' என்று காட்டி, எத்தனை எண் இருக்கிறது என்று கேட்பார்கள். வாய் 'ஐந்து' என்று சொல்ல வரும். அதை அடக்கி 'நான்கு' என்று சொல்ல வேண்டும். அடக்குவது கவனத்தின் வேலை. அறுவடைக்கு முன்னால் அதே ஆட்கள் மெதுவாகவும் அதிகத் தப்போடும் செய்தார்கள். ஆலை முறை வைத்து வெட்டுவதால் ஆளுக்கு ஆள் அறுவடை மாதம் மாறும். ஆகவே மழை, வெயில் மேல் பழி போட முடியாது. கணக்கிட்ட முறை பற்றி மற்ற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் கடனை நினைத்துக்கொண்டே இன்னொரு வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

பள்ளிக்கு வருவோம். இங்கிலாந்தில் சூசன் கேதர்கோல், டிரேசி அலோவே குழுவினர், செயல் நினைவு குறைவாக உள்ள பிள்ளைகளை ஆசிரியர்கள் எப்படி விவரிக்கிறார்கள் என்று பார்த்து 2008-ல் எழுதினார்கள். ஆசிரியர்கள் சொன்னது பெரும்பாலும் 'கவனம் நிற்பதில்லை', 'எளிதில் சிதறுகிறது' என்பதுதான். நினைவு பிரச்சினை என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. பிள்ளை மூன்று கட்டளைகளில் முதலாவதைச் செய்துவிட்டு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டும் நழுவிவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் அலட்சியம் போல இருக்கும்.

இதற்குக் கணினி விளையாட்டு மூலம் பயிற்சி என்று நிறைய விற்கிறார்கள். 2013-ல் மெல்பி-லெர்வாகும் ஹல்மும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பழகிய விளையாட்டிலும் அது போன்ற சோதனைகளிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள், ஆனால் வாசிப்பும் கணக்கும் அதனால் உயரவில்லை. ஓட்டக்காரருக்கு எழுத்தில் நடந்ததேதான். ஆகவே பணத்தை அங்கே கொட்டாதீர்கள் என்று பெற்றோர் யார் கேட்டாலும் சொல்கிறேன். சுமையைக் குறைப்பதுதான் வேலை செய்யும். கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்லலாம். எண்ணைக் காதில் போடுவதோடு கண்ணிலும் காட்டலாம். வாய்ப்பாட்டை நன்றாக மனப்பாடம் செய்யவைக்கலாம்; மனப்பாடம் ஆனது செயல் நினைவில் இடம் கேட்காது. எந்த மொழியில் எண்ணினால் வருகிறதோ அதில் எண்ணவிடலாம்.

அன்று பையனிடம் 29, 18 என்று சிலேட்டில் எழுதிக்கொடுத்து, அதே தெலுங்கில் திரும்பக் கேட்டேன். "நலபை ஏடு" என்றான், தெலுங்கிலேயே.

டைரியில் அந்த வரிக்குக் கீழே தெலுங்கில் எழுதினேன்: தயவுசெய்து மனக்கணக்கு கேட்கும்போது எண்களைப் பலகையில் எழுதிவிட்டு இவனை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், உள்ளுக்குள் தமிழில் கூட்டிக்கொள்ள விடுங்கள். மாலையில் அம்மா வந்தார்.

"இப்படி எழுதினா கோவிச்சுக்க மாட்டாங்களா மிஸ்?"

"மாட்டாங்கம்மா. மரியாதையாத்தான் எழுதியிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் மகனிடம் டைரியைக் கொடுத்து, "படி" என்றார். அவன் தெலுங்கில் வாசித்து, தமிழில் சொன்னான். அவர் பேனாவை வாங்கி, கோட்டின் மேல் தமிழில் கையெழுத்துப் போட்டார்.